கதவில் விழுந்த மஞ்சள் கை

சின்ன விமானத்தின் எண்ணெய் பில்டரைக் கழற்றி மாட்டிவிட்டு நீங்கள் வந்து நின்றால் நான் கேட்கிற முதல் கேள்வி, "சிந்துச்சா?" என்பதுதான். இறுக்கினாயா, வாஷர் புதிதா என்பதெல்லாம் அப்புறம். ஓய்வு பெற்றுப்போன கிழவன் எப்போதாவது விமானம் நிறுத்தும் இந்த ஹாங்கர் பக்கம் வந்தால் டீயைக் குடித்துவிட்டுப் போகாமல், எஞ்சினுக்கு அடியில் கையை விட்டு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கிறானே என்று உங்களுக்கு எரிச்சல். இருக்கட்டும். எரிச்சலோடேயே கேளுங்கள், தம்பிகளா.

உங்கள் சட்டை அழுக்காகும் என்ற கவலையில் நான் அதைக் கேட்பதில்லை. சிந்திய எண்ணெய் பொய்ச் சாட்சி சொல்லும். நாளைக்கு எஞ்சின் நிஜமாகவே எங்கேயாவது கசிந்தால், "அது நேத்து சிந்தினதுங்க" என்று நீங்களே அதற்கு வக்காலத்து வாங்குவீர்கள். நான் தொழில் பழகிய இடத்தில் அப்படிச் சொன்ன ஒருவன் இருந்தான். அவன் துடைத்து அனுப்பிய விமானம் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் போய் விழுந்தது. ஓட்டியவர் பிழைத்தார், ஒரு கால் போயிற்று. அன்று எங்கள் போர்மேன் யாரையும் திட்டவில்லை. ஒரு வெள்ளை மல் துணியைத் தூக்கிக் காட்டி, "இனிமே வேலை முடிஞ்சதான்னு என்னைக் கேக்காதீங்க, இதைக் கேளுங்க" என்றார். மனுஷன் பேசியது அவ்வளவுதான். எனக்கு அது ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது.

எனக்கு இன்னொரு வசதியும் இருந்தது. என்னைப் பெற்ற அத்தா திண்டுக்கல்லில் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். வீட்டில் ஆட்டுத்தோல் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றை ஈரமாக்கி, வாய்க்கால் மாதிரி மடக்கிக் காயவைத்து வைத்திருந்தேன். பில்டர் டப்பா எஞ்சினுக்குப் பின்னால், கை நுழையாத சந்தில் இருக்கும். திருகைத் திறந்தால் எண்ணெய் கீழே உள்ள எல்லாவற்றின் மேலும் அபிஷேகம் ஆகும். நான் அந்தத் தோல் வாய்க்காலைச் சந்துக்குள் செருகி, மறுமுனையைத் தகர டின்னில் விட்டு, திருகை ஒரு சுற்று மட்டும் தளர்த்திவிட்டுச் சும்மா நிற்பேன். அந்தச் சும்மா நிற்பதுதான் வேலை. உள்ளே இருப்பது தானாக வடிந்து தோல் வழியே டின்னுக்குள் போய்விடும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள், அது இதற்கென்றே சொன்னது. அப்புறம் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, கடைசியில் வெள்ளைத் துணி. "பாய் பில்டர் மாத்தலப்பா, ஒளு எடுக்கிறாரு" என்று, நான் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவுவதைச் சொல்லிக் கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அறுபதுகளின் நடுவில், கடலைக் காட்டுக்கு வானத்திலிருந்து மருந்து தூவும் ஒரு கம்பெனியில் இருந்தேன். எரியோடு ஊரைத் தாண்டிப் பொட்டலில் மண்ணைச் சமன்படுத்தி ஓர் ஓடுபாதை போட்டிருந்தார்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு கூடாரம், சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் கடலைக் கொடி, நடுநடுவே பனை. அந்த வருஷம் கடலைக்கு இலைப்புள்ளி நோய் வந்து கொடியெல்லாம் கருகிக்கொண்டிருந்தது. மருந்து கந்தகத் தூள். மஞ்சள் நிறம். மூட்டை மூட்டையாக வந்து இறங்கியதில் கொட்டகை, தரை, எங்கள் புருவம், சோற்றுப் பருக்கை எல்லாமே மஞ்சளாகிவிட்டன. பனி காய்வதற்குள், விடிந்த கையோடு தூவிவிட வேண்டும். காற்று கிளம்பிவிட்டால் தூள் ஊர் மேலேதான் போகும்.

அங்கே நாங்கள் மூன்று பேர். விமானம் ஓட்டியவரை நாங்கள் கேப்டன் என்போம். பழனிக்குப் பக்கம், பாலசமுத்திரத்துக்காரர். தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை, பட்டணத்தில் போய் விமானம் ஓட்டக் கற்றவர். முந்தின வருஷம் அவர் மனைவி சரசு பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. அதற்கு முன்னால் மனுஷன் வாய் ஓயாமல் பேசுவார். அதற்கு அப்புறம் காலையில் "ரெடிங்களா பாய்?" என்பார், இறங்கினதும் "ஆச்சுங்க" என்பார். மூன்றாவது ஆள் காவலுக்கு இருந்த பெரியகருப்பன், உள்ளூர் சம்சாரி. கொட்டகைக்கு மேற்கே அவனுக்கும் ஒரு துண்டுக் கடலைக் காடு இருந்தது. அதற்கு மருந்து தூவும் முறை வாரக் கடைசியில்தான் என்று தெரிந்து, தினமும் போய்க் கொடியைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவான்.

ஒரு நாள் சாயங்காலம் பில்டர் மாற்றினேன். வழக்கம்போல ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை கேப்டன் தூவி முடித்து இறங்கினார். விசிறி நின்றது. சக்கரத்துக்குக் கட்டை வைக்கப் போன பெரியகருப்பன் குனிந்தவன் நிமிராமல் அப்படியே பின்னுக்கு நகர்ந்தான்.

"பாய், இங்கிட்டு வாங்க. கதவைப் பாருங்க."

விமானம் வெள்ளி நிறம். ஓட்டுகிறவர் ஏறும் கதவில், ஜன்னலுக்குக் கீழே, மஞ்சள் நிறத்தில் ஒரு கை பதிந்திருந்தது. உள்ளங்கை வால் பக்கம், விரல்கள் எஞ்சினைப் பார்த்து. உள்ளே பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, கதவைத் தட்டிக்கொடுத்த மாதிரி. ஆனால் அந்த விமானத்தில் பின்னால் உட்கார இடமே கிடையாது. பின் சீட்டைக் கழற்றிவிட்டுத்தான் மருந்துத் தொட்டி வைத்திருந்தோம்.

"மஞ்சக் கை பாய். பொம்பளக் கை."

"மருந்துதாம்ப்பா. பனியில நனைஞ்சு ஒட்டியிருக்கு" என்று சொல்லி வேஸ்ட் துணியால் ஒரே இழுப்பாக இழுத்தேன். போய்விட்டது. துணியை விரலால் தேய்த்துப் பார்த்தேன். பனி ஈரம் அப்படி வழுக்காது. எண்ணெய்.

எஞ்சின் மூடியைத் திறந்தேன். பில்டர் காய்ந்து கிடந்தது. குழாய்கள் காய்ந்து கிடந்தன. எஞ்சினை ஓடவிட்டு இறங்கிப் பார்த்தேன், அப்போதும் ஈரம் இல்லை. எண்ணெய் அளவு சற்றே குறைந்திருந்தது, அந்த எஞ்சின் தினமும் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். அதைச் சாட்சியாக எடுக்க முடியாது.

அதற்கு மறுநாளும் வந்தது. அதே இடம், அதே கை. இந்தத் தடவை கேப்டனும் இறங்கிப் பார்த்துவிட்டார். துணியோடு போன என் கையைப் பிடித்துத் தடுத்தார். தன் கையை அதன் மேல், படாமல் ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தார். அவர் கைக்கு அது சின்னது.

"சுண்டு விரலைப் பாத்தீங்களா பாய்?" என்றார்.

சுண்டு விரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

"சரசுக்கு அப்படித்தானுங்க. சின்ன வயசுல மாட்டு வண்டிச் சக்கரத்துல குடுத்துட்டா. நீட்டவே வராது."

அவர் கண்ணைப் பார்த்தேன். அழவில்லை. சந்தோஷமாக இருந்தார். அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

"இதைத் தொடைக்கக்கூடாதுங்க பாய். சொல்லிப்போட்டேன்."

அன்று சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். பெரியகருப்பனுக்கு வாயில் எது நிற்கும்! தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருத்தி மடியிலிருந்து குங்குமம் எடுத்தாள், கிட்டே போகத் துணியாமல் தரையிலேயே வைத்துவிட்டுப் போனாள். பொட்டலில் ஆள் பேசாவிட்டால் காற்று பனையோலையை உரசுகிற சத்தம் ஒன்றுதான் கேட்கும்.

அடுத்த நாள் காலையில் கேப்டன் பறந்ததை நான் எப்படிச் சொல்வேன்! தூவுகிறவர்கள் தாழத்தான் பறக்க வேண்டும். ஆனால் மரம் வந்தால் ஏற வேண்டும். அவர் ஏறவில்லை. இரண்டு பனைகளுக்கு நடுவே, ஓலை விசிறிக் காற்றில் அலறும்படி நுழைந்து போனார். திரும்பி, தான் தூவிய மஞ்சள் மூட்டத்துக்குள்ளேயே மறைந்தார். சத்தம் மட்டும் வந்தது. நான் காவலுக்கு ஓதும் குர்ஆன் வசனம், ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே நின்றேன். மூட்டத்தின் இந்தப் பக்கம் மூக்கு வெளியே வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"பாய், அவுக பேசிக்கிட்டே போறாக" என்றான் பெரியகருப்பன். "தலையைப் பின்னாடி சாச்சு. நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

இறங்கினதும் கேட்டேன். "சார், ரொம்பத் தாழப் போறீங்க. மனசு பதறுது."

"ஒண்ணும் ஆகாதுங்க பாய்" என்று சிரித்தார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவர் சிரித்தது அன்றுதான். "இப்ப எனக்குப் பயமே இல்லீங்க. அவ புடிச்சுக்கிறா."

கூடாரத்துக்குப் போய்ப் படுத்துவிட்டார். கதவில் கை நேற்றையதைவிடத் தடிமனாக, மஞ்சள் அப்பி இருந்தது.

தம்பிகளா, நான் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. கொட்டகை ஓரம் உட்கார்ந்து, பெரியகருப்பன் கொடுத்த கம்பஞ்சோற்றை தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம்கூடத் தொடாமல் பிசைந்துகொண்டே இருந்தேன். அது சரசுவின் கை என்று என் மனசில் பாதி நம்பிவிட்டது. மற்றப் பாதி ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. நான் சிந்தவில்லை. நான் சிந்தியிருந்தால், "பில்டர் மாத்தினப்போ வழிஞ்சது, நாலு நாள்ல போயிடும்" என்று சொல்லி நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். வெள்ளைத் துணி அந்த வழியை அடைத்துவிட்டது. கதவில் இருப்பது எண்ணெய். அந்த எண்ணெய் என்னுடையது இல்லை. அப்படியானால் எஞ்சினுடையது. யார் கையாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அது எஞ்சினின் ரத்தத்தை எடுத்துத்தான் பதிகிறது.

தரையில் ஓட்டிப் பார்த்தபோது கசியவில்லையே என்றால், நான் ஓட்டியது கொஞ்ச நேரம், குறைந்த வேகத்தில். மேலே போகும்போது அது முழுச் சூட்டில், முழு மூச்சில் ஓடுகிறது. அந்தச் சூட்டைத் தரையிலேயே கொடுத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு தடவை அவரைப் பறக்கவிட்டுப் பார்ப்பது என்ற யோசனை வந்தது, வந்த வேகத்தில் துரத்திவிட்டேன்.

"பெரியகருப்பா, கமலை வடம் இருக்கா?"

"எதுக்கு பாய்?"

"விமானத்தோட வாலை அந்த வேப்ப மரத்துல கட்டணும்."

அவன் மேலே பார்த்தான். சூரியன் நட்ட நடு உச்சியில் இருந்தது. "உச்சி வெயில் பாய். இந்நேரத்துல அதுகிட்டப் போகவேணாம். சாயங்காலமாப் பாப்பம்."

"சாயங்காலம் அவரு முழிச்சிருவாரு."

முணுமுணுத்துக்கொண்டே போய், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் அந்தத் தடித்த வடத்தைக் கொண்டுவந்தான். வாலைக் கட்டினோம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தோம். "நீ எட்ட நின்னு கதவை மட்டும் பாரு. ஏதாவது தெரிஞ்சா கையைத் தூக்கு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கதவில் இருந்த கையை நான் துடைக்கவில்லை. ஏறுவதற்கு முன்பே அதன் மேல் ஓர் எண்ணெய்க் காகிதத்தை ஒட்டி மூடியிருந்தேன்.

எஞ்சினை உயிர்ப்பித்து முழு வேகத்துக்குத் தள்ளினேன். வடம் விறைத்தது, விமானம் கட்டிய மாடு மாதிரித் திமிறியது. தரையில் கிடந்த கந்தகத் தூளெல்லாம் எழும்பி வெயிலே மஞ்சளாயிற்று. சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே வந்தது. நான் ஜன்னல் வழியாகப் பெரியகருப்பனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அவன் அசையவில்லை. அப்புறம் கையைத் தூக்கினான். தூக்கியவன் இறக்காமலேயே வாயைப் பிளந்தான். அடுத்த கணம் திரும்பி, வேட்டி அவிழ ஓடினான்.

நான் ஜன்னலில் தலையை விட்டுக் கீழே பார்த்தேன். எனக்கு ஒரு முழம் கீழே, காகிதத்தின் மேல், புதிதாக ஒரு கை வளர்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் மூடியின் பக்கத்தில் சூடு வெளியேற வெட்டிய கீற்றுகள் இருக்கும். அவற்றிலிருந்து ஒவ்வொரு இழையாக எண்ணெய் புறப்பட்டு, காற்றில் தட்டையாகிப் பின்னால் நகர்ந்து, கதவு விளிம்பில் சுழன்று ஒன்றாகக் கூடியது. அங்கேதான் உள்ளங்கை. பறக்கிற தூள் அதன் மேல் படிந்து மஞ்சள் பூசியது. விரல்கள் என் கண் முன்னால் ஒவ்வொன்றாக நீண்டன. காரணம் தெரிந்துவிட்டது.

எஞ்சினை அணைத்துக் குதித்தேன். ஆறவிடவில்லை. மூடியைத் திறந்து, பில்டர் டப்பாவின் கழுத்தில் டார்ச்சை அடித்தேன். தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அதில் முத்து முத்தாக எண்ணெய் ஊறி நின்றது. பில்டர் அந்தக் கீற்றுகளுக்கு நேர் பக்கத்தில் இருக்கிறது, ஊறியதைக் காற்று உடனே வெளியே உறிஞ்சிவிடுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரும்பு ஆறத் தொடங்கியது. கோடு மெல்ல மறைந்தது. முத்துக்கள் நின்றுபோயின. துணியால் ஒற்றி எடுத்தால் அங்கே வெடிப்பு இருந்தது என்று யாரும் சொல்லவே முடியாது. இத்தனை நாளும் ஆறிய எஞ்சினில் அதைத்தான் நான் பார்த்து ஏமாந்தேன்.

சத்தம் கேட்டுக் கேப்டன் வந்துவிட்டார். வெறும் பனியன், வெறும் கால்.

"என்னங்க பாய் பண்றீங்க?"

சொன்னேன். வெடிப்பைக் காட்ட முடியவில்லை, அது மூடிக்கொண்டுவிட்டது. கீற்றுகளைக் காட்டினேன், எண்ணெய் வந்த வழியைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் விரலை வைத்துக் கீற்றுகளை எண்ணினார். தினமும் நான் துடைத்த கீற்றுகள்தான், ஒரு நாளும் எண்ணியதில்லை.

"நாலு இருக்குதுங்க" என்றார்.

ஆமாம். நாலு.

காகிதத்தைப் பிரித்தார். அடியில் பழைய கை. காகிதத்தின் மேல் புதிய கை. இரண்டிலும் ஐந்து விரல். நாலு விரல் நாலு கீற்றுக்கு நேராக இருந்தன. கடைசியில், எந்தக் கீற்றும் இல்லாத இடத்திலிருந்து, உள்பக்கமாக வளைந்து ஐந்தாவது.

"இது எங்கிருந்து வந்துச்சுங்க பாய்?"

நான் மூடியைத் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை, இணைப்பு இல்லை, ஆணிகூட இல்லை.

"தெரியலீங்க சார்."

"தெரியலைன்னா எப்படிங்க முடிவு சொல்லுவீங்க? நாளைக்கு வெடிஞ்சதும் நான் பறக்கோணும். பெரியகருப்பன் காடு காத்துக்கிட்டுக் கிடக்குது."

இந்த இடத்தில்தான், தம்பிகளா, உங்களில் நன்றாகப் படித்தவர்கள் தடுக்கி விழுவீர்கள். எல்லாவற்றுக்கும் விடை கிடைத்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். தெரியாத ஒன்று, தெரிந்த நாலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அன்று கோபம் வந்தது. அவர் மேலா, செத்துப்போன அந்தப் பெண்ணின் மேலா, என்னுடைய பயத்தின் மேலா, இன்றைக்கும் தெரியாது.

"அஞ்சாவது எனக்குத் தெரியாது சார். மத்த நாலு தெரியும். உங்களைக் கொல்றதுக்கு அந்த நாலு போதும்."

"அவ கொல்ல மாட்டாளுங்க."

"அவங்க கொல்ல மாட்டாங்க. எண்ணெய் கொல்லும். பின்னாடி தொட்டி நெறையக் கந்தகம், முன்னாடி சூடான புகைக் குழாய். நடுவுல நீங்க."

அவர் கதவைத் திறந்தார். ஏறப் போகிறார் என்று தெரிந்தது. அவரைப் பிடித்து இழுக்க எனக்கு உரிமையும் இல்லை, பலமும் இல்லை. ஆனால் பில்டர் என் இலாகா. தோல் வாய்க்காலை எடுத்துச் சந்துக்குள் செருகினேன். டின்னை வைத்தேன். கொதிக்கிற எஞ்சினில் யாரும் செய்யாத வேலை அது. திருகைத் தளர்த்தினேன். கொதி எண்ணெய் தோல் வழியே இறங்கியது. மணிக்கட்டு பொசுங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அந்த நிலையிலும் சிந்தவிடவில்லை. சிந்தியிருந்தால் "நீங்க கொட்டினதுதானே பாய்" என்று சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை கிடைத்திருக்கும்.

வடிந்து முடிந்தது. ஸ்பானரை மாட்டி, சாதாரணமாகத் திருப்புகிற அளவுக்குத்தான் திருப்பினேன். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். டப்பா கழுத்தோடு முறிந்து என் கைக்கு வந்துவிட்டது.

அதை அவரிடம் நீட்டினேன். முறிந்த வாயில் பெரும்பாகம் பழைய வெடிப்பின் கறுப்பு. இன்றைக்கு முறிந்த பளபளப்பு ஒரு நகக்கண் அளவுதான். அந்த நகக்கண் அளவு இரும்புதான் அன்று காலையில் அவரைப் பனைகளுக்கு நடுவே தாங்கிக்கொண்டு போயிருக்கிறது. கேப்டன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவை மூடினார். மூடிவிட்டு விமானத்தின் நிழலில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெரியகருப்பன் வேட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தான். "எங் கடலை போனாப் போகட்டுஞ் சாமி" என்றான். "கொடி அடுத்த வருசமும் மொளைக்கும்." கேப்டன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அவள் போனதற்கு அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

பட்டணத்திலிருந்து புது டப்பா வந்து சேர்ந்தபோது பெரியகருப்பனுடைய காட்டில் பாதி கருகியிருந்தது. மாட்டினேன். வடத்தில் கட்டி முழுச் சூட்டில் ஓடவிட்டேன். புது இழை எதுவும் வரவில்லை. மறுநாள் விடிகாலையில் கேப்டன் வந்தார். கதவில் பழைய கை காய்ந்து அப்படியே இருந்தது. அதைத் துடைக்க எனக்கு மனசு வரவில்லை, துடைக்காமல் அனுப்பவும் முடியாது. என் சங்கடம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பெட்ரோல் துணியை அவரே வாங்கிக்கொண்டார். உள்ளங்கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, அவசரப்படாமல், நாலு விரலைத் துடைத்தார். சுண்டு விரலுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இது உங்க கணக்குல வராதுங்களே பாய்?"

"வராதுங்க."

"அப்ப இது இருக்கட்டுங்க."

இருக்கட்டும் என்றேன். போர்மேன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! நான் வெள்ளைத் துணியால் அந்த ஒற்றை விரலை ஒற்றிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அது போதும் எனக்கு. அந்த விமானத்தோடு நான் இருந்த வரைக்கும் தினமும் ஒற்றிப் பார்த்தேன். மழை பெய்தது, காற்று அடித்தது. அது நனையவும் இல்லை, அழியவும் இல்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அன்று பெரியகருப்பன் காட்டில் மிஞ்சிய பாதிக்குத்தான் முதல் தூவல். கேப்டன் போனார். பனை வந்ததும் விமானம் மூக்கைத் தூக்கி ஏறியது, மரத்தைத் தாண்டி இறங்கியது. மறுபடி ஏறியது. தன் மூட்டத்துக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு வந்தது. முடித்து இறங்கி, அணைத்துவிட்டு, உடனே இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போனேன். அவர் முகமெல்லாம் வியர்வை.

"பயமா இருந்துச்சுங்க பாய்" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு வாய்விட்டே நன்றி சொல்லிவிட்டேன்.